எதிர்மலையில் போகும் சாவு ஊர்வலம்: 'மபொரொஷி' பார்த்த இரவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் படத்தை நான் மூன்று தடவை தொடங்கினேன், அதில் இரண்டு தடவை பாதியில் விட்டேன். முதல் தடவை ஃபோனில் பார்த்தது என் முட்டாள்தனம். படத்தில் பாதிக்கு மேல் இருட்டு, சின்னத் திரையில் என் மூஞ்சிதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது தடவை கரண்ட் போய்விட்டது, திரும்பி வந்தபோது மனம் வரவில்லை. மூன்றாவது தடவை போன மாதம், இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் வீட்டில். இரண்டு நாளாக விடாத மழை, பள்ளிக்கூடம் லீவு, அம்மா பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். 'என்னா படம்?' என்று கேட்டார். 'ஜப்பான் படம், புருசன் செத்துப்போன ஒரு பொண்ணோட கதை' என்றேன். 'அத எதுக்குப் போட்டுக்கிட்டு' என்று சொல்லிவிட்டு, கடைசி வரை எழும்பாமல் பார்த்தவர் அவர்தான்.

படம் 1995இல் வந்தது. ஹிரோகாசு கொரே-எடா எடுத்த முதல் கதைப்படம். அதற்கு முன் அவர் தொலைக்காட்சிக்கு ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர், 2018இல் வேறொரு படத்துக்காக கான் விழாவின் பெரிய விருதை வாங்கியவரும் அவரேதான். ஜப்பானிய மொழியில் முழுப் பெயர் 'மபொரொஷி நோ ஹிகாரி', மாய வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். தெரு மியமொட்டோ எழுதிய ஒரு குறுநாவல்தான் மூலம். ஒளிப்பதிவு மசாவோ நகபொரி. வெனிஸ் விழாவில் தங்க ஓசெல்லா விருது வாங்கியது. ஒரு மணி ஐம்பது நிமிடம் ஓடும், ஆனால் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டரை மணி நேரம் மாதிரி இருக்கும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கதை சொன்னால் கெட்டுப்போகிற படம் இல்லை, அதனால் சொல்கிறேன். ஒசாக்காவில் யுமிகோ என்றொரு பெண். சின்ன வயதில் அவளுடைய பாட்டி, சாகிறதென்றால் சொந்த ஊரில் போய்ச் சாக வேண்டும் என்று ஒரு நாள் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போகிறார். பாலத்தில் பின்னாலேயே ஓடிப்போய் மறித்தும் நிறுத்த முடியவில்லை, கிழவி திரும்பி வரவே இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து இகுவோ என்பவனைக் கட்டிக்கொள்கிறாள். மூன்று மாதக் கைக்குழந்தை, ஒடுங்கலான வீடு, ஆனாலும் சந்தோசமான வீடு. இகுவோவின் சைக்கிளை யாரோ களவெடுக்க, பதிலுக்கு அவன் வேறெங்கோ போய் ஒரு சைக்கிளைக் களவெடுத்துக்கொண்டு வருகிறான், அடையாளம் தெரியாமலிருக்க இரண்டு பேரும் தெருவில் குந்திக்கொண்டு அதற்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கிறார்கள். படத்தில் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுகிற மாதிரி இருக்கும் இடம் இதுதான். அம்மா இந்த இடத்தில் சிரித்தார். 'கள்ளப்பய' என்றார், பாசமாகத்தான்.

அப்புறம் ஒரு நாள் இகுவோ நடுவில் வீட்டுக்கு வந்து சைக்கிளை விட்டுவிட்டு, மழை வரும்போல இருக்கிறதென்று குடையை எடுத்துக்கொண்டு போகிறான். அவன் முதுகை யுமிகோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இரவு பொலிஸ் வந்து கதவைத் தட்டுகிறது. தண்டவாளத்தில் நடந்துபோயிருக்கிறான், ரயில் மோதிவிட்டது. ஏன் நடந்தான், வேண்டுமென்றே நடந்தானா, ஒன்றும் தெரியாது. கடிதம் இல்லை, கடன் இல்லை, சண்டை இல்லை. குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போன மனிதன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த இடம் வேறு மாதிரி படும் என்று நினைக்கிறேன். ஊருக்கு வரும் வெள்ளைக்காரர்கள் ரயில் கதவில் தொங்கிப் படம் எடுக்கிற அதே லைன்தான் எங்களுக்கு ரோட்டு. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வளைந்து வளைந்து போகும் பாதையைவிட ரயில் லைன் கிட்ட, அதனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாமான் வாங்கப் போகிறவர்கள், எல்லோரும் சிலிப்பர் கட்டைகளில் எண்ணி எண்ணிக் கால் வைத்துத்தான் நடப்போம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் இருக்கிற சிங்கமலைச் சுரங்கத்தின் வாசலில் நின்று, காதை வைத்துக் கேட்டு, வண்டி வருதா இல்லையா என்று பந்தயம் கட்டி வளர்ந்த ஆட்கள் நாங்கள். ஆகவே ஒரு ஆள் தண்டவாளத்தில் நடந்துபோனான் என்று பொலிஸ்காரர் சொல்லும்போது ஒசாக்காக்காரிக்கு வருகிற அதிர்ச்சி எங்களுக்கு வராது. எங்களுக்கு வருகிறது வேறு ஒரு கேள்வி, அதை அம்மா கேட்டே விட்டார்: 'சத்தம் கேட்டிருக்குமே.'

அது படத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது என் சித்தப்பா லைனில்தான் போனார். கொழும்பில் கடையில் வேலை, தீபாவளிக்கு லீவில் வந்திருந்தார், டவுனுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பட்டாசும் அரைக் கிலோ சீனியும் வாங்கிக்கொண்டு பின்னேரம் லைனில் நடந்து வந்திருக்கிறார். அன்றைக்கு மூடுபனி. தண்ணி போட்டிருந்தார் என்றார்கள், காதில் பாட்டு மாட்டியிருந்தார் என்றார்கள், கடையில் ஏதோ பிரச்சினை, மனசு சரியில்லை என்றும் ஒரு கதை ஓடியது. மூன்றுக்கும் சாட்சி இல்லை. சீனிப் பை கிழியாமல் கரையில் கிடந்ததாம். அம்மா இத்தனை வருடமாக அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், சத்தம் கேட்டிருக்குமே என்று. சித்தி ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

சரி, படத்துக்கு வருவோம்.

சில வருடம் கழித்து யுமிகோவுக்கு இரண்டாவது கல்யாணம் பேசி முடிக்கிறார்கள். மாப்பிள்ளை தமியோ, அவரும் பெண்சாதியைப் பறிகொடுத்தவர், ஒரு பெண் பிள்ளை இருக்கிறது. ஊர் ஜப்பானின் மேற்குக் கரையில் நோட்டோ தீபகற்பம், வஜிமா பக்கத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம். மகனைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போகிறாள். இதிலிருந்து படம் வேறு படமாகிவிடுகிறது. ஒசாக்காவின் மஞ்சள் பல்பு வெளிச்சமும் ஒடுங்கிய சந்தும் போய், திடீரென்று கடலும் வானமும் திறந்துகொள்கின்றன. ஆனால் அழகுக்காகத் திறந்த மாதிரி இல்லை. பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்தில்தான் எடுத்திருக்கிறார்கள், ஜன்னலால் எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அவ்வளவுதான் முகத்தில். கெமரா அநேகமாக அசையாது. முகத்துக்குக் கிட்டப் போகவே போகாது. யுமிகோவாக நடித்த மகிகோ எசுமிக்கு இதுதான் முதல் படம், உயரமான பெண், எப்போதும் கறுப்பு உடுப்பு, இருட்டு அறையில் அவர் உட்கார்ந்திருந்தால் எது நிழல் எது ஆள் என்று தேட வேண்டியிருக்கிறது. அழுகிறாளா என்றுகூடச் சில இடத்தில் தெரியாது.

இரண்டு ஷொட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, இரண்டு பிள்ளைகளும், அதாவது அவளுடைய மகனும் தமியோவின் மகளும், ஊரைச் சுற்றி விளையாடிக்கொண்டு ஒரு சுரங்கப் பாதைக்குள் போவது. நாம் இருட்டுக்குள் நிற்கிறோம், தூரத்தில் மறுவாசல் பச்சை வெளிச்சமாக ஒரு துண்டு தெரிகிறது, பிள்ளைகள் அதை நோக்கி இரண்டு கறுப்புப் புள்ளியாகச் சின்னதாகிக்கொண்டே போகிறார்கள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சுரங்கத்தின் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு அந்த ஷொட் முடியும் வரை மூச்சு விட முடியவில்லை. இரண்டாவது, பஸ் தரிப்பிடம். யுமிகோ ஒரு நாள் வீட்டைவிட்டு வந்து அந்த மரக்கொட்டகைக்குள் உட்கார்ந்திருக்கிறாள், உள்ளே கரி மாதிரி இருட்டு. பஸ் வருகிறது, நிற்கிறது, போகிறது. ஏறிப் போய்விட்டாள் என்று நாம் நினைத்துவிடுகிறோம், நானும் நினைத்தேன், அம்மா 'போய்ட்டா' என்றே சொன்னார். கெமரா மட்டும் அங்கேயே நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அந்த இருட்டுக்குள்ளிருந்து அவள் வெளியே வருகிறாள். மனக்கனத்தைக் காட்ட இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அவள் வெளியே வருவதற்குக் காரணம் ஒரு சாவு ஊர்வலம். யாரோ ஒருவருடைய சாவு, நமக்கும் தெரியாது அவளுக்கும் தெரியாது. மணிச் சத்தம் கேட்கிறது, கடற்கரை ஓரமாக வரிசையாக ஆட்கள் போகிறார்கள், இவள் தள்ளி நடந்து பின்னால் போகிறாள். கெமரா மிகத் தூரத்தில். கீழே கடல், மேலே பெரிய வானம், நடுவில் எறும்பு வரிசை மாதிரி ஊர்வலம், அதற்கும் பின்னால் ஒற்றை எறும்பாக இவள். நிமிடக்கணக்கில் ஓடுகிறது. இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பாதிப் பேர் இந்த ஷொட்டை ஓவியம் மாதிரி என்று புகழ்கிறார்கள், மீதிப் பேர் மனிதர்களைப் பொம்மையாக்கிவிட்டார், நெஞ்சில் ஒட்டவில்லை என்கிறார்கள்.

நானும் இரண்டாவது கட்சியாகத்தான் இருந்தேன். எங்கள் துக்கம் சத்தமானது. தப்புப் பறை அடிக்க வேண்டும், தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க வேண்டும், றோட்டில் வெள்ளைக்கொடி கட்ட வேண்டும், அதற்கப்புறம் கருமாதி வரை சொந்தக்காரர் நிறைந்து வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. இதென்ன, வாய் திறந்து ஒரு அழுகை இல்லாமல் ஒரு விதவைக் கதை? பிறகுதான் தெரிந்துகொண்டேன், மூலக் குறுநாவலில் யுமிகோ செத்துப்போன புருசனிடமே பேசிக்கொண்டு போகிற மாதிரித்தான் முழுக்கதையும் எழுதப்பட்டிருக்கிறது. அதாவது கிட்டத்தட்ட ஒப்பாரி. 'என்ன விட்டுட்டு எங்க போன' என்று செத்தவரைப் பார்த்துக் கேட்கிற அதே முறை. கொரே-எடா அந்தக் குரலை அப்படியே உருவி எடுத்துவிட்டு, வெளிச்சத்தையும் தூரத்தையும் அந்த இடத்தில் வைத்திருக்கிறார். துணிச்சல்தான், ஆனால் அது சரியா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

அந்தச் சந்தேகத்தை அம்மா தீர்த்துவைத்தார், தெரிந்து செய்யவில்லை. ஊர்வல ஷொட் ஓடிக்கொண்டிருக்கும்போது வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, 'நம்ம இஸ்தோப்புலேர்ந்து பாக்கிற மாதிரியே இருக்குல்ல' என்றார், லயத்து முன்திண்ணையைத்தான் சொல்கிறார்.

உண்மைதானே. மலையில் இருக்கிறவர்கள் சாவைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம். எதிர்மலையில் தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் ஊர்வலம் போகும், ஆள் யாரென்று அடையாளம் தெரியாது, வெள்ளை வேட்டி மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். தப்புச் சத்தம் பள்ளத்தைத் தாண்டி ஒரு நொடி பிந்தி வரும், கை விழுந்த பிறகுதான் அடி கேட்கும். பனி வந்தால் ஊர்வலம் மறைந்துவிடும், சத்தம் மட்டும் நடந்துகொண்டிருக்கும். கொழுந்து எடுக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டு, ஊர்வலம் வளைவு தாண்டும் வரை நிற்பார்கள். அது பொம்மையாகத் தெரிந்ததா எங்களுக்கு? இல்லையே.

இன்னொன்று, பெண்களுக்கு எப்போதுமே தூரப் பார்வைதான். எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, பாதி வழியில் நின்றுவிட வேண்டும். சித்தப்பாவைக் கொண்டுபோனபோது சித்தி தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை வளைவு வரை வந்தார், அதற்குமேல் விடவில்லை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, மேலே ஏறிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். அவர் பார்த்த காட்சியும் யாரோ ஒருவருடைய சாவு ஊர்வலம் மாதிரித்தான் இருந்திருக்கும். ஆனால் யுமிகோ நிற்கவில்லை, போய்க்கொண்டே இருக்கிறாள், கடைசி வரை போய்க் கடலோரம் எரிகிற சிதைக்குக் கிட்ட நிற்கிறாள். 'பொம்பளப்புள்ள தனியா அங்க வரைக்கும் போவுதே' என்றார் அம்மா. குரலில் கண்டனம் இருந்த மாதிரி எனக்குப் படவில்லை.

அங்கே தமியோ அவளைத் தேடி வருகிறார். அப்போதுதான் அவள் வாயைத் திறந்து கேட்கிறாள், அவன் ஏன் செத்தான், ஏன் தண்டவாளத்தில் நடந்தான், எனக்கு விளங்கவே இல்லை என்று. இந்தப் பேச்சைக்கூடக் கிட்டப் போய்க் காட்டவில்லை, அந்தி வெளிச்சத்தில் இரண்டு நிழல்தான் நிற்கிறது. தமியோ சொல்கிற பதில் இதுதான்: அப்பா முந்திக் கடலுக்குப் போன காலத்தில் தனியாக இருந்தால் தூரத்தில் அழகான ஒரு வெளிச்சம் தெரியுமாம், வா வா என்று இழுக்குமாம், யாருக்கும் அப்படி நேரலாம். அவ்வளவுதான். அம்மா உடனே, 'கொள்ளிவாய்ப் பிசாசு' என்றார். பேய்க்கதை மாதிரி அவர் சொல்லவில்லை, தெரிந்த ஒரு ஆளின் பெயரைச் சொல்கிற மாதிரி சொன்னார். பதில் இல்லாத இடத்தில் வைக்க எல்லா ஊரிலும் ஒரு வெளிச்சத்தை வைத்திருக்கிறார்கள் போல. எனக்கு இந்தப் பதில் போதவில்லை. யுமிகோவுக்குப் போதுமா என்றும் படம் சொல்லவில்லை, அவளைக் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க விடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. தமியோ மிகவும் நல்லவர், நடித்த தகாஷி நைட்டோவின் இலேசான சிரிப்பு பிடிக்கும், ஆனால் அவரும் மனைவியை இழந்தவர்தானே, அந்தத் துக்கத்துக்கு ஒரு வாக்குவாதத்தில் இரண்டு மூன்று வரி கொடுத்ததோடு சரி. மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன், இரண்டு வீட்டுப் பிள்ளைகள், இவ்வளவு இருந்தும் ஒரு உரசலும் வராதது நம்புகிற மாதிரி இல்லை, எந்த லயத்திலும் நடக்காத விசயம். நடுவில் ஒரு அரை மணி நேரம் தொய்வு. நண்டு பிடிக்கிற கிழவி ஒருத்தி புயலில் கடலுக்குப் போய், எல்லோரும் பயந்துகொண்டிருக்க, சாவகாசமாகத் திரும்பி வருகிறாள், அது வந்து அந்தத் தொய்வைக் காப்பாற்றுகிறது. சில சட்டகங்கள் அளவுக்கு மீறி அழகாக அடுக்கப்பட்டிருக்கின்றன, ஆளைப் பார்க்காமல் ஜன்னல் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ஷொட்டையும் முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு அதற்குள் மாட்டிக்கொண்டதைப் பற்றி இயக்குநரே பிற்காலத்தில் பேசியிருக்கிறார், ஆக இது என் குற்றச்சாட்டு மட்டும் இல்லை. மிங்-சாங் சென் போட்ட இசை நல்ல இசைதான், ஆனாலும் ஊர்வலத்துக்குக் காற்றும் மணியும் போதும் என்று எனக்குப் பட்டது.

இன்னொரு விசயம், இது படத்துக்குள் இல்லை. 2024 ஜனவரி 1ஆம் திகதி நோட்டோவில் 7.6 அளவில் நிலநடுக்கம் வந்ததே, வஜிமாவின் காலைச் சந்தைத் தெரு அன்றைக்குத்தான் எரிந்துபோனது. வடகரையில் சில இடங்களில் கடலடித் தரை 4 மீற்றர் வரை மேலே வந்துவிட்டது, துறைமுகங்களில் தண்ணீர் இல்லாமல் போனது. அந்த வருடம் ஓகஸ்ட் மாதம் இந்தப் படத்தைப் புதுப்பித்து, வஜிமாவுக்கு உதவியாக ஜப்பானில் மறுபடி திரையிட்டார்கள். ஆக நாம் பார்க்கிற அந்தக் கரை இன்றைக்கு அப்படியே இல்லை. எங்கள் மலையகத்து மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் மண்ணுக்குள் போன லயங்களை யாராவது இப்படி அவசரமில்லாமல், பின்னேர வெயில் கதவில் விழுகிற நேரம் பார்த்து, ஒருநாள் படம் பிடித்து வைத்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். எங்களைப் பிடிக்கிற கெமராக்களுக்குக் கூடையும் சிரிப்பும்தான் தேவை.

பார்க்கப் போகிறவர்களுக்கு: தயவுசெய்து ஃபோனில் வேண்டாம். புதுப்பித்த பிரதி கிடைத்தால் அதைப் பாருங்கள், இருட்டுக்குள் இருக்கிற விபரம் அப்போதுதான் தெரியும். லைட்டை அணைத்துவிட்டு, இரவில், காதில் நல்ல ஹெட்செட்டோடு பாருங்கள், ஏனென்றால் சைக்கிள் சாவியில் கட்டியிருக்கிற சின்ன மணிச் சத்தம் படம் முழுக்க ஒரு ஆள் மாதிரி வந்துபோகிறது. நான் பார்த்ததில் தமிழ் சப்டைட்டில் இல்லை, ஆனால் வசனம் குறைவு, அம்மாவுக்கு நான் மொத்தமாக இருபது வரிதான் சொல்லியிருப்பேன். வீட்டில் புதிதாக ஒரு சாவு நடந்தவர்கள், முக்கியமாக இந்த மாதிரிச் சாவு நடந்தவர்கள், இப்போது பார்க்க வேண்டாம், தள்ளிப் போடுங்கள். மனசு பாரமாகி யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால், இலங்கையில் மனநல உதவி எண் 1926க்கு எடுங்கள், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் ஐந்துக்கு நாலு, அந்த ஊர்வலம் மட்டும் ஐந்துக்கு ஐந்து.

படம் முடிந்து லைட்டைப் போட்ட பிறகு, சித்திக்கு இதைக் காட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சித்தி இப்போது தலவாக்கலையில் மகள் வீட்டில் இருக்கிறார். 'வேணாம் புள்ள' என்றார் உடனே. உரலைக் கழுவி வைத்துவிட்டு, படுக்கப் போகும்போது திரும்பி நின்று, 'அந்தச் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கிற எடம் இருக்குல்ல, அத மட்டும் காட்டு' என்றார்.

வருகிற ஞாயிறு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன், மழை விட்டால்.